மழை எந்தப் பக்கம்?

எல்லாரும் எந்திரிச்சு நின்னு விசுவாசப் பிரமாணம் சொல்லிக்கிட்டு இருக்கோம். எங்கப்பா மட்டும் வாயைத் திறக்கல்ல. பீடத்தையும் பாக்கல்ல. தலையை அண்ணாந்து கூரையையே பாத்துக்கிட்டு நின்னாக.

மேல ஓடு சத்தம் போட்டுக்கிட்டு இருந்துது. மேக்கு ஓரத்துல ஒரு ஓடு லேசாத் தூக்கி ‘டக்’குன்னு விழும். அடுத்த ஓடு விழும். பெறகு அந்தச் சத்தம் வரிசை வரிசையாக் கிழக்க ஓடும், யாரோ செருப்புக் காலோட கூரை மேல ஓடுத மாதிரி. பீடத்துக்கு நேர் மேல போயி நிக்கும். ஒரு மூச்சு நேரம் ஒண்ணும் இருக்காது. மறுபடி மேக்கயிருந்து ஆரம்பிக்கும்.

ஆனி மாசம் அது. புதுக்கோயில் கட்டி வந்த முதல் சீசன். எங்க வேதக்காரங்க, அதான் கிறிஸ்தவங்க, பேச்சுல கோயில்னா சர்ச்சுதான், அதனால கோயில்னே எழுதுதேன். தென்காசியிலயிருந்து குற்றாலம் போற ரோட்டுல, மேலகரம் தாண்டி இருந்துது எங்க லுத்தரன் கோயில்.

வெளிய சாரல். உள்ளயும் சாரல்தான். மேக்குச் சுவர் பூராவும் ஓட்டை ஓட்டையா வச்ச காங்கிரீட்டுக் கல்லு. அது வழியாக் காத்து சாரலை அள்ளிக்கிட்டு வந்து பின் பெஞ்சுக்காரங்க முதுகுல அடிக்கும். பாட்டுப் புத்தகம் அப்பளம் மாதிரி நமுத்துப் போச்சு. கோயில் வேலை பாக்குத கோயில்பிள்ளை பீடத்து மெழுகுத்திரியப் பொருத்துவாரு, அது அணையும், திரும்பப் பொருத்துவாரு. எங்க சொந்தக்காரங்கள்ல முக்காவாசிப் பேரு வேற சபை. சிலுவையும் மெழுகுத்திரியும் வச்சிருக்கதனால எங்களைப் பாதி ஆர்.சி., பாதிக் கத்தோலிக்கர்னு கேலி பண்ணுவாக. திரி நின்னு எரியாத அந்த சீசன்ல பாதிக்கும் வழியில்லாமப் போச்சு.

முன்னால ரூபி அக்கா தன் கைப்பிள்ளையத் துண்டு விரிச்சு பெஞ்சுல கிடத்தியிருந்தா. பிள்ளை சிணுங்குச்சு. அவ தூக்கிக்கிட்டுப் பக்கத்துக் கதவு வழியா வெளிய போனா. அவ வாசல் தாண்டியிருக்கக்கூட மாட்டா. மேல ஒரு ஓடு எகிறி விழுந்து ஓரம் உடைஞ்சு, ஒரு சில்லு நேரா அந்தத் துண்டு மேல விழுந்துது.

பெரிய சில்லு ஒண்ணுமில்ல. உள்ளங்கையில அடங்கும். ஆனா விழுந்த இடம் பிள்ளை தலை இருந்த இடம்.

அப்பா போயி துண்ட உதறி மடிச்சு வச்சாக. மடிச்சத திரும்ப விரிச்சு உதறி, திரும்ப மடிச்சாக. பயம் எனக்குள்ள வந்தது அப்பதான், ஓட்டப் பாத்து இல்ல.

பழைய கொட்டகை

இந்தக் கோயிலு எப்படி வந்துதுன்னு சொல்லாட்டி மேல சொல்ல முடியாது, கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க.

அதுக்கு முன்ன எங்களுக்கு இருந்தது ஒரு ஓலைக் கொட்டகை. வாரத்துல ஆறு நாள் பள்ளிக்கூடம், ஏழாம் நாள் கோயிலு. கரும்பலகையில வாய்ப்பாடு எழுதியிருக்கும், அதுக்கு முன்ன நின்னு ஐயர் பிரசங்கம் பண்ணுவாரு. எங்க பக்கம் போதகரைத்தான் ஐயர்னு சொல்லுவோம். வெளியூர்க்காரங்க இதைக் கேட்டுக் குழம்பிப் போறது உண்டு.

எங்க சபை சின்னது. ஒரு அசன விருந்துக்கு ஒரே பந்தியில உக்காந்து எந்திரிச்சிரலாம். அந்தச் சின்ன சபைக்கு ஒரு ஏக்கம், ஒரு நல்ல கோயிலு வேணும்னு. திருநெல்வேலிச் சீமையில ஊருக்கு ஊரு உசந்த கோபுரம் வச்ச கோயில் இருக்கு, நம்மளுது மட்டும் மாட்டுக் கொட்டகையான்னு தாசையா அண்ணாச்சி கேப்பாரு. செங்கோட்டை ரோட்டுல மரக்கடை வச்சிருந்தாரு. குரலு பெருசு. மனசும் பெருசுதான், ஆனா குரலு முதல்ல வந்துரும்.

கட்டடக் கமிட்டிக்கு எங்கப்பாவ செயலாளராப் போட்டாக. அப்பா பேரு ஞானமுத்து. தென்காசியில ஒரு டாக்டர்கிட்ட கம்பவுண்டர். அந்தக் காலத்துல மருந்து பாட்டில்ல அளவுக்குக் காகிதம் வெட்டி ஒட்டிக் குடுப்பாகள்லா, அந்தக் காகிதத்த ரூல் தடி வச்சு வெட்டுத மனுசன். ஒரு சொட்டு கூடினாலும் குறைஞ்சாலும் ஒரு உசுரு சம்பந்தப்பட்டதுன்னு சொல்லுவாக. வார்த்தையும் அப்படித்தான். நேரம் என்னன்னு கேட்டாக்கூட கடிகாரத்தப் பாத்துட்டு, அது கொஞ்சம் வேகமா ஓடும்னும் சேத்துச் சொல்லுவாக.

அப்படியாப்பட்ட மனுசன் சொன்ன ஒரு வார்த்தைதான் இந்தக் கதையே.

பங்குனியில வந்தவர்

மெட்ராஸ்லயிருந்து ஒரு இன்ஜினியர் வந்தாரு. சின்ன வயசு. வெளிநாட்டுல படிச்சவரு. வெள்ளக்காரன் கட்டின மாதிரி கோபுரமும் வளைவும் இனி வேண்டாம், இந்த மண்ணுக்கு, இந்தக் காத்துக்கு ஏத்த மாதிரி கட்டுவோம்னு சொன்னாரு. கேக்கவே நல்லாருந்துது.

அவரு வந்தது பங்குனி. குற்றாலத்தப் பாக்கணும்னாரு. அழைச்சிக்கிட்டுப் போனா, அருவி விழுத பாறை காஞ்சு கறுத்துக் கிடக்கு. இதுவா குற்றாலம்னு கேட்டாரு. எங்க ஆளுகளுக்கு மானம் போச்சு. விடுவாகளா? எண்ணெ தேச்சு விடுதவரைக் கூப்பிட்டு இன்ஜினியரைப் பலகையில உக்கார வச்சு, உச்சந்தலையிலயிருந்து உள்ளங்கால் வரைக்கும் தேச்சு விட்டாச்சு. பெறகு கிணத்துல தண்ணி இறைச்சு ஊத்துனாக.

மறுநாள் காலையில மனையப் பாக்க வந்தாரு. புளியமரத்தடியில நாக்காலி போட்டு கமிட்டி பூராவும் இருந்துது. நான் நன்னாரி சர்பத்துக் கொண்டு போயிருந்தேன், அதனால நடந்தத என் காதால கேட்டேன்.

காத்து எந்தப் பக்கம்னு கேட்டாரு. தாசையா அண்ணாச்சி முந்திக்கிட்டு, மேக்கயிருந்து, மலைக் கணவாய்க் காத்து, சொகம்னா சொகம் அப்படியொரு சொகம்னாரு. இன்ஜினியர் எழுதிக்கிட்டாரு.

“மழை எந்தப் பக்கமிருந்து வரும்?” ன்னு அடுத்து கேட்டாரு.

செயலாளர்ங்கதனால எல்லாரும் அப்பாவப் பாத்தாக. அப்பா வழக்கம்போல கொஞ்சம் யோசிச்சுட்டு, “கிழக்கயிருந்து வரும்” ன்னாக. எல்லாரும் ஆமான்னு தலையாட்டுனாக. இன்ஜினியர் அதையும் எழுதிக்கிட்டாரு.

அவ்வளவுதான் நடந்தது.

சீட்டுக்கட்டுக் கோயில்

அப்படியொரு கட்டடத்த எங்க ஊரு அதுவரைக்கும் கண்டதில்ல.

ரெண்டு சீட்ட ஒண்ணோட ஒண்ணு சாய்ச்சு நிறுத்துவோம்லா, அதுதான் உருவம். பக்கச் சுவருன்னு பெருசாக் கிடையாது. கூரையே உச்சியிலயிருந்து சரிஞ்சு வந்து ஆள் உசரத்துக்கும் கீழ நிக்கும். பக்கத்துக் கதவு வழியா உள்ள போறவுக குனிஞ்சுதான் போகணும். ஆண்டவர் முன்ன குனியாதவனையும் இந்தக் கோயிலு குனிய வச்சிரும்னு இன்ஜினியர் சொன்னாரு. தாசையா அண்ணாச்சி நெத்தி மட்டும் மூணாவது ஞாயித்துக்கிழமை வரைக்கும் குனியப் படிக்கல்ல.

உள்ள காங்கிரீட்டு விலா எலும்பு வரிசையா நிக்கும். அதுக்கு மேல மரச்சட்டம், சட்டத்து மேல மங்களூர் ஓடு. சீலிங் கிடையாது, அண்ணாந்தா ஓட்டோட அடிவயிறு தெரியும். கிழக்க பீடம். அதுக்குப் பின்னால அடியிலயிருந்து முகடு வரைக்கும் ஒரு பொத்தல் இல்லாத கருங்கல் சுவர், அதுல பெரிய மரச்சிலுவை. மழை அங்கனயிருந்து வருதுன்னு சொன்னோம்லா. மேக்க நேர் எதிர். கீழயிருந்து உச்சி வரைக்கும் ஓட்டைக்கல்லு. சொகமான காத்து அங்கனயிருந்து வருதுன்னும் சொல்லியிருந்தோம்லா.

கேட்டதுக்கு நாங்க என்ன சொன்னோமோ அதை அவரு அப்படியே கட்டி வச்சாரு. அவரு மேல ஒரு குத்தமும் சொல்ல முடியாது.

ஊர்ப்பிள்ளைக அதுக்குச் சீட்டுக்கட்டுக் கோயில்னு பேரு வச்சுது. எங்கம்மாவுக்கு அந்தப் பேரு பிடிக்காது. சீட்டுக்கட்டு வீடு ஊதுனா விழுந்துரும்லான்னு ஒரு தடவ சொன்னாக. அப்பா அன்னைக்குச் சிரிச்சாக. குற்றாலத்துக்கு வந்தவுக சில பேரு புது மாதிரி லாட்ஜ்னு நினைச்சு, பெட்டியோட வந்து ரூம் கிடைக்குமான்னு கோயில்பிள்ளைகிட்ட கேட்டதும் உண்டு.

சுவரு எழும்பி ஓடு போட்டு முடிக்கவும் ஐப்பசி வந்துது. அந்த வருசம் அடமழை. கிழக்கயிருந்து அடிச்ச அடியில எங்க வீட்டுச் சுவரே ஊறிப்போச்சு. கோயிலுக்குள்ள ஒரு சொட்டு இறங்கல்ல. கருங்கல் சுவரு மழைய முதுகுல வாங்கிக்கிட்டு நின்னுது. கம்பவுண்டர் சொன்னா சொன்னதுதாம்யான்னு தாசையா அண்ணாச்சி ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு. தை மாசம் பிரதிஷ்டை. கறிச்சோத்து அசனம். அன்னைக்கு அப்பா வேட்டியில குழம்பு கொட்டுனதக்கூடக் கவனிக்காம அந்தக் கோயில சுத்திச் சுத்தி வந்தாக.

பழைய ஐயர் மாறுதல்ல போயி, தஞ்சாவூர்ப் பக்கத்துலயிருந்து புது ஐயர் வந்ததும் அந்தத் தையிலதான்.

காத்து வந்த பெறகு

வைகாசி கடைசியில சாரல் எட்டிப் பாத்துது. ஆனியில காத்து திரண்டுது. சீசன் காத்துன்னா வெளியூர்க்காரங்களுக்கு வெறும் சொகம். கணவாய்க்கு நேரா குடியிருக்குதவங்களுக்குத்தான் தெரியும், அது கொடியில கிடக்குத துணிய இல்ல, கொடியவே கொண்டு போகும். இந்துக்களோட தென்காசிப் பெரியகோயிலு வாசல்ல அந்தக் காத்துல நின்னு பாத்தவுகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. அந்தக் கோபுரம் அப்பம்லாம் ரெண்டாப் பிளந்து மொட்டையா நிக்கும். அதைப் பாத்துக்கிட்டேதான் அப்பா தினமும் வேலைக்குப் போவாக. அந்த ஆனியில அதைத் தலை நிமிந்து பாக்குததையே விட்டுட்டாக.

மேக்கு ஓட்டைக்கல்லு வழியாக் காத்து உள்ள வரும். கிழக்க கருங்கல்லு. போக வழி இல்ல. வந்த காத்து என்ன செய்யும்? மேல எந்திரிச்சு ஓட்ட முட்டும். பக்கத்துக் கதவு ரெண்டும் அதுக்குப் பத்தல்ல.

சில்லு விழுந்த மறுநாள் புது ஐயர் தென்காசித் தபாலாபீசுக்குப் போயி இன்ஜினியருக்கு டிரங்க்கால் போட்டாரு. அந்த டிரங்க்கால் எப்படின்னா, பேசுதவரு கத்துத கத்துல தென்காசி பூராவும் சேதி தெரிஞ்சிரும். “மழை கிழக்கயிருந்துன்னு சொன்னாங்களா? யாரு சொன்னாங்க? கம்பவுண்டரா?” ன்னு ஐயர் கத்திக் கேட்டத வரிசையில நின்ன எங்க சபை ஆளு ஒருத்தரு கேட்டுட்டாரு. சாயங்காலத்துக்குள்ள எல்லா வீட்டுக்கும் போச்சு.

இன்ஜினியர் வழியும் சொல்லியிருந்தாரு. மேக்குச் சுவர அடைக்கக் கூடாது. அடைச்சா அந்த மெல்லிசுச் சுவரு அத்தனை காத்தையும் தாங்காமச் சாஞ்சிரும். கிழக்குச் சுவர்ல, சிலுவைக்கு மேல முகட்டுப் பக்கம் கல்லப் பேத்து வழி விடணும். உள்ள வந்த காத்து அது வழியா வெளிய போயிரும். ஓடு அடங்கிரும்.

சொல்லுததுக்கு லேசு. பிரதிஷ்டை பண்ணின கோயில்ல, பீடத்துக்கு மேல, சிலுவை தொங்குத சுவர உடைக்கணும். யாரு கடப்பாறையத் தூக்குவா? அதோட, தாசையா அண்ணாச்சி குறுக்க விழுந்தாரு. மேக்க செங்கல் வச்சு அடைக்கணும்னாரு. அதுக்கும் முன்ன, யாரு தப்புன்னு தெரியணும்னாரு. தப்பு யாருதுன்னு தெரியாம ஒரு கல்லையும் தொடக் கூடாதுன்னுட்டாரு. பாதிச் சபை அவரு பக்கம்.

அப்படியே ஆனி போச்சு. ஞாயித்துக்கிழமைதோறும் அந்தக் கூரைக்குக் கீழதான் ஆராதனை. சின்னப்பிள்ளைக்காரிக வாசல் பக்கமே நின்னாக. கிழவங்க துண்ட மடிச்சுத் தலையில வச்சுக்கிட்டாக.

அப்பா டிஸ்பென்சரி முடிஞ்சதும் சைக்கிள எடுத்துக்கிட்டு எதிர்க்காத்துல மிதிச்சுக் கோயிலுக்குப் போயிருவாக. ஏணி போட்டு ஓட்டத் தடவித் தடவிப் பாப்பாக. வீட்டுக்கு வந்து சாப்பாட்டுல கைய வச்சுக்கிட்டே உக்காந்திருப்பாக. கலக்கின மருந்த மோந்து பாத்துட்டுக் கொட்டிட்டு, திரும்பக் கலக்குதாகன்னு சொல்லி, உடம்புக்கு என்னன்னு டாக்டர் எங்கம்மாகிட்ட ஆள் விட்டுக் கேட்டாரு.

ஒரு ஞாயித்துக்கிழமை அப்பா எங்கள எங்க வழக்கமான பெஞ்சுல உக்கார விடல்ல. நடுவுல, எந்த வரிசை ஓடு ரொம்பத் துள்ளுமோ, அதுக்கு நேர் கீழ உக்காரச் சொன்னாக. அம்மாவுக்கு முகம் செவந்து போச்சு. கிசுகிசுப்பா, உங்களுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கான்னாக.

“அங்கன வேற யாராவது உக்காருவாங்கள்லா” ன்னாக அப்பா. “விழுந்தா நம்ம மேல விழட்டும்.”

நான் உக்காந்தேன். அன்னைக்கு ஐயர் என்ன பிரசங்கம் பண்ணினாருன்னு கேட்டா எனக்குத் தெரியாது. ஒவ்வொரு ‘டக்’குக்கும் கழுத்து உள்ள போயி உள்ள போயி வந்துது. எனக்கு அப்பா மேல அவ்வளவு கோவம். கோவத்த விட பயம். இந்த மனுசன் மேல ஓடு விழுததுக்கு முன்ன இந்த நினைப்பு விழுந்து கொன்னுரும் போல இருக்கேன்னு நினைச்சேன்.

வீட்டுக்கு வரும்போது கேட்டேன், ஏம்ப்பா அப்படிச் சொன்னீங்கன்னு.

“நான் பொய் சொல்லல்லியேம்மா. கேட்டாரு, யோசிச்சுத்தான் சொன்னேன். இப்பவும் யோசிச்சுப் பாக்கேன், பொய் இல்ல. ஆனா தப்பால்லா இருக்கு. அது எப்படின்னு எனக்குப் பிடிபடல்ல.”

எனக்கும் பிடிபடல்ல. கிழக்கன்னு சொன்னது வாஸ்தவம், கூரை தூக்குதது மேக்கயிருந்துங்கதும் வாஸ்தவம்.

ஆடி மாசக் கூட்டம்

ஆடியில ஐயருக்குப் பொறுமை போயிட்டுது. ஆராதனை முடிஞ்சதும் யாரும் போகக் கூடாது, இன்னைக்கு முடிவு பண்ணிட்டுத்தான் எந்திரிக்கணும்னாரு. எல்லாரும் இருந்தாக. மேல ஓடு அது பாட்டுக்கு அடிச்சுக்கிட்டுக் கிடந்துது.

அப்பா எந்திரிச்சாக. பேச்சு வராத மனுசன், அன்னைக்குச் சுருக்கா முடிச்சுட்டாக. தப்பு என்னுதுதான், கமிட்டியிலயிருந்து விலகிக்கிடுதேன், என்ன தண்டனைன்னாலும் ஏத்துக்கிடுதேன், ஆனா கிழக்குச் சுவரத் திறந்து விடுங்கன்னாக.

தாசையா அண்ணாச்சி எந்திரிச்சாரு.

“அன்னைக்கு உம்ம பேச்சக் கேட்டுக் கட்டினோம். இன்னைக்கு உம்ம பேச்சக் கேட்டு இடிக்கணுமாவேய்? கிழக்கன்னு வாய் கூசாமச் சொன்னீரே, நீரு இந்த ஊருல பிறந்தவரா, இல்ல நேத்து ரயில்ல வந்து இறங்குனவரா?”

அப்பா தலையக் குனிஞ்சுக்கிட்டாக. எங்கம்மா முந்தானைய வாயில வச்சு அழுத்திக்கிட்டாக. எனக்கு அந்த ஆளு மேல பாட்டுப் புத்தகத்தத் தூக்கி எறியலாமான்னு வந்துது. நமுத்த புத்தகம், வலிக்காதுன்னு விட்டுட்டேன்.

அந்த நேரம் பாத்து வெளிய அண்ணாச்சியோட லாரி டிரைவர் கூப்பிட்டான். மரம் ஏத்தின லாரிக்குக் கயிறு தளந்து போச்சாம். பேச்ச நிறுத்திட்டு அண்ணாச்சி குனிஞ்சு வெளிய போனாரு. கொஞ்ச நேரம் கழிச்சுத் திரும்பி வந்தாரு. சட்டை உடம்போட ஒட்டியிருந்துது. மீசையிலயிருந்து தண்ணி சொட்டுது.

ஐயர் மரியாதையா ஒரு துண்ட எடுத்துக் குடுத்தாரு. “வெளியில நல்ல மழைங்களா அண்ணாச்சி?” ன்னு கேட்டாரு.

அண்ணாச்சி தலையத் துவட்டிக்கிட்டே, “மழையா? மழை எங்க பெய்யுது? சாரல்லா அடிக்குது” ன்னாரு.

ஐயர் அவரையே பாத்தாரு. தலையிலயிருந்து கால் வரைக்கும் நனைஞ்சு நிக்குத மனுசன்.

“அப்ப இது மழை இல்லையா?”

“இது எப்படி மழையாகும்? இது சாரலு. மழைங்கது ஐப்பசி கார்த்திகையிலல்லா வரும்.”

“அது எந்தப் பக்கமிருந்து வரும் அண்ணாச்சி?”

“அது கிழக்…” ன்னுட்டு அண்ணாச்சி நின்னுட்டாரு. துண்டு தலையிலயே இருந்துது. வாய் திறந்தபடி இருந்துது.

முதல்ல சிரிச்சது ரூபி அக்கா. பெறகு பொம்பளைக பக்கம் பூராவும். பெறகு ஆம்பளைக. ஐயர் பீடத்துப் படியில உக்காந்தே போனாரு. “நான் தஞ்சாவூர்க்காரன். அந்த இன்ஜினியர் மெட்ராஸ்காரரு. எங்களுக்கு மேலேயிருந்து விழுந்தா எல்லாமே மழைதாங்க” ன்னாரு. பெறகு வரிசையாக் கேட்டுக்கிட்டே போனாரு, உங்ககிட்ட கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க, நீங்க என்ன சொல்லியிருப்பீங்கன்னு. ஒவ்வொருத்தரும் வெக்கப்பட்டுக்கிட்டே கிழக்க, கிழக்கன்னாக. நானும் அதத்தான் சொன்னேன். சாரல மழைன்னு சொல்ல எங்க யாரு வாயும் பழகல்ல. கல்யாணப் பத்திரிகை வச்ச வீட்டுல, சீசன்ல மழை வந்துரக் கூடாதேன்னு வேண்டிக்கிட்டு, சாரல்ல நனைஞ்சுக்கிட்டே பந்தி பரிமாறுத ஊரு இது.

தாசையா அண்ணாச்சி அப்பா பக்கத்துல வந்து உக்காந்தாரு. அந்தக் குரலு அவ்வளவு தணிஞ்சு நான் அதுக்கு முன்னயும் கேட்டதில்ல, பின்னயும் கேட்டதில்ல.

“நானும் அதத்தாம்யா சொல்லியிருப்பேன், ஞானமுத்து.”

அப்பா மட்டும் சிரிக்கல்ல. எல்லாரும் சிரிச்சு ஓயுத வரைக்கும் பொறுத்திருந்துட்டு, “சிரிச்சாச்சுல்லா? ஓடு இன்னும் ஆடிக்கிட்டுத்தான் இருக்கு. சுவர எப்ப உடைக்கலாம்?” ன்னாக.

மேல அப்பவும் அந்தச் சத்தம் ஓடிக்கிட்டுத்தான் இருந்துது. சிரிப்பு சட்டுன்னு அடங்கிப் போச்சு. யாரும் மறுத்துப் பேசல்ல.

கிழக்குச் சுவர்

அந்த வாரமே கொத்தனார்கள் வந்தாங்க. ஐயர் ஜெபம் பண்ணிச் சிலுவைய இறக்கித் துணி சுத்தி வச்சாரு. தாசையா அண்ணாச்சி தன் கடையிலயிருந்து சாரம் கட்ட மரம் அனுப்புனாரு.

நான் பள்ளிக்கூடம் விட்டு நேரா அங்கன போனேன். அன்னைக்குக் காத்து பேய்க்காத்து. உள்ள நின்னு பேச முடியல்ல, அவ்வளவு ஓட்டுச் சத்தம். அப்பா டாக்டர்கிட்ட லீவு சொல்லிட்டு காலையிலயிருந்தே அங்கன நிக்காக. சாரத்து மேல கொத்தனாரு முகட்டுக்குக் கீழ கல்லு ஒண்ணு ஒண்ணாப் பேத்து எடுக்காரு. வெளிச்சம் ஒரு கீத்தா வந்துது. பெறகு கை அகலம். பெறகு ஆகாசம் தெரிஞ்சுது.

அதுவரைக்கும் மேல திரிஞ்ச காத்து அந்த வழியக் கண்டுபிடிச்சுது. என் தாவணிய இழுத்துக்கிட்டு, அப்பா வேட்டியப் படபடன்னு அடிச்சுட்டு, நேரா அந்த ஓட்டை வழியா வெளிய போச்சு. கொத்தனார் தலப்பாவும் அது கூடவே போச்சு.

அப்பா அண்ணாந்து பாத்துக்கிட்டே நின்னாக. நானும் பாத்தேன்.

“ஏட்டி” ன்னாக. “சத்தம் ஏதும் கேக்கா?”

“இல்லப்பா.”

“எனக்கும் கேக்கல்ல. காது அடைச்சுக்கிட்டோ என்னமோ. நீ நல்லாக் கேட்டுச் சொல்லு.”

நான் கண்ண மூடிக்கிட்டுக் கேட்டேன். மேக்கு ஓரத்துலயிருந்து பீடம் வரைக்கும் வரிசை வரிசையாக் கேட்டேன். காத்து மட்டும் போய்க்கிட்டு இருந்துது.

“ஒரு ஓடும் ஆடல்லப்பா” ன்னேன்.

அப்பா பெஞ்சுல உக்காந்தாக. சாரல் பட்டு அது நனைஞ்சு கிடந்துது, அதை அவுக பாக்கல்ல. ரெண்டு கையாலயும் முகத்த மூடிக்கிட்டு, சாரத்து மேல ஆளு நிக்காங்கன்னும் பாக்காம, விட்டு அழுதாக.